மஸ்டருக்குப் பின் வரும் நோய்

எங்கள் எஸ்டேட்டில் நோய்க்கு நேரம் உண்டு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்குச் சங்கு ஊதுவதற்கு முன் டிஸ்பென்சரி வாசலில் வந்து நிற்பதுதான் நோய். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி, கண் இமையை இழுத்துப் பார்த்து, மனமிரங்கினால் ஒரு சிக் சீட்டு எழுதிக் கொடுப்பார். அது கையில் இருந்தால் அன்றைக்கு வேலைக்குப் போக வேண்டாம். சங்கு ஊதி, மேஸ்திரிகள் ஆட்களைப் பிரித்துக்கொண்டு சரிவில் இறங்கிய பிறகு யாருக்காவது வயிறு வலித்தால், அந்த வலி மறுநாள் காலைவரை பொறுத்திருக்க வேண்டும். பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டுக்கும் மட்டும் விலக்கு.

நான் அந்த எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். அரவேணுவிலிருந்து குன்னூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மூடுபனி நீங்கினால் எதிர்மலைச் சரிவு முழுக்கத் தெரியும் ஓர் இடம். விதிகளை நான் உண்டாக்கவில்லை. ஆனால் எந்த விதி எந்தக் கோப்பில் இருக்கிறது, அதற்கு எத்தனை திருத்தம் வந்தது, எந்தத் திருத்தத்தை யாரும் படிக்கவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மானேஜர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நாடு விடுதலை பெற்று ஒரு தலைமுறை கழிந்தும் அவர்களைத் துரை என்றே அழைத்தோம். துரைகள் போவார்கள், வருவார்கள். கோப்பு அறையின் சாவி என்னிடமே இருந்தது.

இந்தக் காலை ஏற்பாட்டின் நோக்கம் நோயாளியைக் குணப்படுத்துவது அல்ல, நோயாளி வேஷம் போடுகிறவரைப் பிடிப்பது. எங்கள் டாக்டர் அதில் சமர்த்தர். யார் மிளகாயைக் கண்ணில் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறார், யார் வெந்நீர் குடித்துவிட்டு வந்து வாயில் வெப்பமானியை வைத்துக்கொள்கிறார் என்பதை வாசற்படியிலேயே சொல்லிவிடுவார். "காலேஜ்ல படிச்சது வைத்தியம். இங்க வந்து படிச்சது மனுஷங்களை" என்று ஸ்டாஃப் கிளப்பில் பெருமையாகச் சொல்வார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. குடும்பத்தார் மனம் புண்படும் என்பதற்காக அல்ல. அவர் பெயர் அச்சில் வருவதற்கு நான் காரணமாக இருக்க வேண்டாம் என்பதற்காக.

என் மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது இடது பாதம் உள்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் இருக்காது. பள்ளி பஸ்ஸைப் பிடிக்கத் தேயிலைக்கு நடுவே உள்ள குறுக்குப் பாதையில் எனக்கு முன்னால் ஓடுவாள். மத்தியானத்துக்கு மேல் குதிகால் தரையில் படாது. சாயங்காலம் பஸ் திரும்பும்போது கண்டக்டர் அவளைத் தூக்கித்தான் இறக்கிவிடுவார். நான் முதுகில் சுமந்துகொண்டு மேடேறுவேன். தூங்கி எழுந்தால் மறுபடியும் புதுக் கால்.

முதலில் இதைச் சேர்த்துப் பார்த்தவள் என் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்: "ஏனுங்க, இவ மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா சாயங்காலம் கொஞ்சம் நல்லா நடக்கறா. தூங்காத அன்னைக்குத்தான் இந்தப் பாடு. என்னமோ உள்ளார தீந்து போற மாதிரி இருக்குதுங்க."

விதிப்படி காலையில் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவளை நடக்கச் சொன்னார், ஓடச் சொன்னார், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தாள். குதிப்பதை நிறுத்தச் சொன்ன பிறகும் இரண்டு தடவை கூடுதலாகக் குதித்துக் காட்டினாள்.

"கோழிக்குஞ்சாட்டம் ஓடுறா. எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"சாயங்காலம் கால் இழுத்துக்குது டாக்டர். நடக்கவே முடியறதில்லை."

"சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதணும்ல? அதான் வியாதி." கம்பவுண்டர் சிரித்தார். வரிசையில் நின்ற கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரிக்கவில்லை. அந்த அறையில் யாரை நம்புவார்கள், யாரை நம்பமாட்டார்கள் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மூன்று முறை போனேன், மூன்றும் காலை. மூன்றாவது முறை அவர் என்னை விட்டுவிட்டு மகளைக் கேட்டார்: "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும், தெரியுமா பாப்பா?" அதோடு நிற்கவில்லை. கடைசி பீரியடில் விளையாட்டு வகுப்புக்கு விலக்குக் கேட்டிருந்தோம். பள்ளியில் டாக்டர் சான்று வேண்டும் என்றார்கள். இவர் எழுதிக் கொடுத்த சான்றில், குழந்தைக்கு உடற்கோளாறு எதுவும் இல்லை, நடிக்கும் பழக்கம் இருக்கிறது, செல்லம் கொடுக்க வேண்டாம் என்று இருந்தது. அதற்குப் பிறகு விளையாட்டு ஆசிரியை அவளை மைதானத்தைச் சுற்றி ஓடவைத்தார். விழுந்தால் எழுந்து ஓட வேண்டும். அந்தச் சில மாதங்களில் என் மகளின் முழங்காலில் தோல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறக்கியவுடன் வீட்டுக்குப் போகாமல் நேராக ஸ்டாஃப் கிளப்புக்குச் சுமந்துகொண்டு போனேன். டாக்டர் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார். பாதம் முறுக்கிக்கொண்டு கட்டைவிரல் மேல்நோக்கி விறைத்திருந்தது. இதை ஒரு முறை கண்ணால் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

அவர் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வராந்தாப் படி வரைக்கும் வந்தார். அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை.

"ஹெட் கிளார்க், ஓ.பி. எப்போ?"

"காலையில டாக்டர். ஆனா இப்பத்தான்..."

"ரூல்ஸ் என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். பாம்பு கடிச்சிருக்கா?"

"இல்லை."

"அப்ப காலையில பார்க்கலாம். பாப்பா, இறங்கி நட. அப்பாவுக்கு முதுகு வலிக்கும்ல?" சொல்லிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். எதிர்ப்பக்கம் நின்ற, தேயிலை ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் இறகுப் பந்தைப் போட்டார்.

மேடேறும்போது மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, நான் நடிக்கிறேனா?"

கிண்டலாக அல்ல. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், ஒருவேளை தனக்கே தெரியாமல் தான் நடிக்கிறோமோ என்று. அந்த ஆளை நான் எதற்கு மன்னிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கேள்வியைத்தான் சொல்கிறேன். நோயைக் கண்டுபிடிக்காதது குற்றமல்ல. அரிய நோய், இந்தியாவிலேயே அன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும். ஒரு குழந்தைக்குத் தன் கால்மீது சந்தேகம் வரவைத்தது வேறு கணக்கு. அவர் வாயாலேயே, அவள் காதில் விழும்படி, அவள் பொய் சொல்லவில்லை என்று சொல்ல வைப்பேன் என்று அந்த மேட்டில் முடிவு செய்தேன்.

லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் இறங்கினோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டர் ஒரு அம்மையார். குள்ளமாக இருப்பார், சிரிக்கவே மாட்டார். காலையில் போனதால் என் மகள் வழக்கம்போலக் கோழிக்குஞ்சாக ஓடினாள். நானே முந்திக்கொண்டு, எங்கள் எஸ்டேட் டாக்டர் இதை நடிப்பு என்கிறார் என்று சொன்னேன்.

"அவர் எத்தனை மணிக்குப் பார்த்தார்?" என்றார் அம்மையார்.

ஓராண்டில் யாரும் கேட்காத கேள்வி. என் மனைவிதான் சொன்னாள்: "காலையிலங்க. எப்பவுமே காலையிலதானுங்க."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் உட்காருங்க. இவளைத் தூங்கவிடாதீங்க."

நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பொழுது போக மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதே பெஞ்சில் வேறு குழந்தைகளும் இருந்தார்கள். தலை நிற்காத ஒரு பையன். பேசிக்கொண்டிருந்த பேச்சை மூன்று வயதில் மறந்துபோன ஒரு பெண். அவள் அம்மா பொள்ளாச்சிப் பக்கம். மூத்தவனும் இப்படித்தான் போனான் என்று வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்.

வெளிச்சம் குறைந்தபோது அம்மையார் வந்தார். நடைபாதையின் கோடியில் நின்றுகொண்டு, யாரும் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, "வா கண்ணு" என்றார். என் மகள் நுனிக்காலில், சுவரைத் தடவிக்கொண்டு, இடுப்பை ஒடித்து ஒடித்து வந்தாள். பாதி வழியில் விழுந்தாள். அம்மையார் ஓடிவந்து தாமே தூக்கினார். தூக்கியவர் முதலில் சொன்னது எங்களிடம் அல்ல. "உனக்கு உடம்பு சரியில்லை கண்ணு. நீ சொன்னதெல்லாம் நிஜம்" என்று அவளிடம் சொன்னார்.

பிறகு எங்களுக்கு விளக்கினார். மூளையில் ஊறவேண்டிய ஒரு பொருள் இவளுக்குக் குறைவாக ஊறுகிறது. பிறவியிலேயே அப்படி. இரவுத் தூக்கத்தில் கொஞ்சம் சேருகிறது, பகலில் செலவாகி, மாலையில் தீர்ந்துபோகிறது. என் மனைவி சொன்ன அதே வார்த்தை. வயதானவர்களுக்கு நடுக்கவாதத்துக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையில் கால் பங்கு கொடுத்துப் பார்க்கலாம், தாம் நினைக்கும் நோயாக இருந்தால் சில நாளிலேயே தெரியும் என்றார். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். வயதானவர்களுக்கு அந்த மருந்தின் வேகம் வருஷம் போகப்போகக் குறையும், இந்த நோய்க்குப் பெரும்பாலும் அப்படிக் குறைவதில்லை. படிப்புக்கோ ஆயுளுக்கோ குறைவில்லை. அளவு கூடினால் கைகால் தானாகத் துள்ளும், அப்போது குறைக்க வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

"குணமாயிருமாங்க?" என்றாள் என் மனைவி.

"குணமாகாது. ஆனா நடப்பா." கொஞ்சம் நிறுத்தி, பெஞ்சைக் காட்டி, "அங்க இருக்கிற குழந்தைகளுக்குக் கொடுக்க என்கிட்ட இப்படி ஒரு மாத்திரை இல்லை. அதை ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார். ஞாபகம் வைத்திருக்கிறேன். பழிவாங்கும் எண்ணம் மேலோங்கும் நாட்களில்கூட.

இது வம்சத்தில் வருவது என்றும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தும் வெளியே தெரியாமல் போகலாம் என்றும் சொன்னவர், என்னை ஒரு தாளில் எழுதச் சொன்னார். மாலை ஆனால் என் வலது கை விரல்கள் விறைத்து எழுத்து கோணும். கிளார்க் வேலையின் கூலி அது என்று நினைத்திருந்தேன். அவர் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உறுதியாகச் சொல்ல அந்தக் காலத்தில் பரிசோதனை இல்லை.

பஸ்ஸில் மேட்டுப்பாளையம் தாண்டியதும் என் மனைவி சொன்னாள்: "நல்ல வேளைங்க, எங்க பக்கம் இல்லை. இல்லீன்னா உங்க அக்கா என்னை உசுரோட எரிச்சிருப்பாங்க." ஓராண்டுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

அம்மையார் சொன்னது எல்லாம் பலித்தது. இன்று என் மகளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. மாத்திரையின் அளவு கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது மாத்திரை தொடங்கிய அந்த வாரத்தை. நாலாவதோ ஐந்தாவதோ நாள், கண்டக்டர் தூக்குவதற்குக் கையை நீட்டினார். அவள் அவர் கையைத் தள்ளிவிட்டுத் தானே படியிறங்கினாள். குதிகால் தரையில் பட்டது. நான் பின்னால் வர, குறுக்குப் பாதையில் மேடேறினாள். வீட்டு வாசலில் என் மனைவி கையில் கரண்டியோடு நின்றாள். உள்ளே ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது.

மகிழ்ச்சி எனக்கு ஒரு நாள் தாங்கியது. மறுநாள் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு, அம்மையார் கைப்பட எழுதிய குறிப்பையும் எடுத்துக்கொண்டு, கிளப்புக்குப் போனேன். அவளை வராந்தா முன்னால் ஓடிக்காட்டச் சொன்னேன். ஓடினாள்.

டாக்டர் கை தட்டினார். "பார்த்தீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

"ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். ஒண்ணுமில்லை. கால் மாத்திரையில போறதுக்குப் பேர் வியாதியா ஹெட் கிளார்க்? சுண்ணாம்பு உருண்டையைக் கொடுத்திருந்தாலும் போயிருக்கும்." குறிப்பை வாங்கி மேலோட்டமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கோயம்புத்தூர்ல எல்லாத்துக்கும் ஒரு பேர் வெச்சிருப்பாங்க. பாப்பா, இனி நடிக்க மாட்டியே?"

அவள் குணமானதே அவர் சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டது. எத்தனையோ கோப்புகளில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். இப்படி ஒரு மடக்கை நான் கண்டதில்லை. அவள் நடக்க நடக்க அவர் சொன்னது உண்மையாகிறது. அவர் பொய்யராக வேண்டுமென்றால் அவள் விழ வேண்டும்.

இதை நான் வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் சாப்பிடும்போது மகளே சொன்னாள்: "அப்பா, ரெண்டு நாள் மாத்திரை வேண்டாம். மூணாம் நாள் சாயங்காலம் டாக்டர் மேலயே போய் விழறேன்."

நான் உடனே மறுக்கவில்லை. என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே வார்ப்பு" என்றாள். "அந்த ஆளுக்குப் புத்தி வரோணும்னு என்ற பொண்ணு ஒருக்கா விழோணுமா? விழுந்த வரைக்கும் போதும்." எழுந்துபோய் மாத்திரைப் புட்டியை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அன்றிலிருந்து காலையில் மகள் வாயில் மாத்திரை போட்டு, விழுங்கிவிட்டாளா என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தவள் அவள்தான். என்னை நம்பவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் போனேன். ஸ்டாஃப் வீடுகளுக்கு எஸ்டேட்டிலிருந்து விறகு போகும். டாக்டர் பங்களாவுக்கு அந்த மழைக்காலத்தில் போன கற்பூரமர விறகெல்லாம் வெட்டி ஒரு வாரம்கூட ஆகாத பச்சை. கணப்பு எரியாமல் வீடு முழுக்கப் புகை என்று அவர் ஆள் அனுப்பினார். எழுத்துமூலம் தெரிவித்தால் பரிசீலிக்கப்படும் என்று பதில் அனுப்பினேன். ஒரு நாள் மத்தியானம் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். மஸ்டருக்கு முன் நோயைத் தெரிவிக்காததால் அது அனுமதியின்றி வராத நாள். அவரும் ஸ்டாஃப்தானே. அலுவலகத்துக்கு வந்து கத்தினார்.

"எனக்கே சிக் சீட்டா? எனக்கு யார் சீட்டு எழுதுறது?"

"அதுதான் டாக்டர், விதியில ஒரு குறை. மேலிடத்துக்கு எழுதட்டுமா?"

சில்லறை வேலைகள்தான். சில்லறைச் சந்தோஷம் கிடைத்தது. ஆனால் பச்சை விறகால் ஒருவரை இருமவைக்கலாம், உண்மையைச் சொல்லவைக்க முடியாது.

தொழிலாளர் ஆய்வாளர் வரப்போகிறார் என்று தெரிந்த சமயத்தில் துரைக்கு ஒரு சுற்றறிக்கை வரைந்து கொண்டுபோனேன். தொழிலாளர் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் டிஸ்பென்சரி திறந்திருப்பது நலன் சார்ந்த ஏற்பாடு, ஆய்வாளர் மனத்தில் நல்ல எண்ணம் உண்டாக்கும், கூடுதல் செலவில்லை. அழகாகத் தட்டச்சு செய்த எதிலும் அந்தத் துரை கையெழுத்துப் போடுவார். இப்படியாக டாக்டர், ஞாயிறு தவிர எல்லா நாளும், சாயங்காலம் இருட்டும்வரை டிஸ்பென்சரியில் உட்கார வேண்டும் என்று ஆயிற்று. ஷட்டில் நேரம் அதுவே.

"இது உங்க வேலையா ஹெட் கிளார்க்?"

"கையெழுத்து துரையோடது டாக்டர்."

ஆட்கள் வரமாட்டார்கள், ஒரு மாதத்தில் மூடிவிடலாம் என்று அவர் எதிர்பார்த்தார். வந்தார்கள். சிக் சீட்டு கேட்க வேண்டிய அவசியம் இல்லாத நேரம் என்பதால் நிஜமான நோயோடு வந்தார்கள். எத்தனையோ ஆண்டு மறைத்து வைத்திருந்த இருமலும் கட்டியும் வெளியே வந்தன. அதற்கான புண்ணியம் எனக்கு வேண்டாம், நான் நினைத்தது ஷட்டிலை மட்டும்.

டிஸ்பென்சரி சன்னல், பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பாதையைப் பார்த்து இருக்கிறது. முதல் நாளே என் மகள் அந்தச் சன்னலுக்கு வெளியே நின்று, "குட் ஈவினிங் டாக்டர்" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தானும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று என் மனைவி சத்தியம் செய்கிறாள். மறுநாளும் சொன்னாள். மழையில், குடையோடு. பரீட்சை நாளில், புத்தக மூட்டையோடு. நேராக நின்று, இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றி. பதிலுக்கு அவர் தலையை அசைத்தே ஆக வேண்டும், வரிசையில் ஆட்கள் இருப்பார்கள். பஸ் வரும் சத்தம் கேட்டால் டாக்டர் நாற்காலியைச் சன்னலுக்கு முதுகாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார் என்று கம்பவுண்டர் சொன்னார். அவள் அதனால் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

பல ஆண்டுகள் இது நடந்தது. அவள் பாவாடையிலிருந்து தாவணிக்கு மாறினாள். டாக்டருக்கு முடி வெளுத்தது. பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் வழக்கத்தைவிட நேரங்கழித்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாக, "டாக்டர் இன்னைக்கு வெளிய வந்தாரு" என்றாள்.

நான் பேப்பரை மடித்தேன். "என்ன சொன்னாரு?"

"இன்னும் மாத்திரை சாப்பிடறியாம்மான்னு கேட்டாரு. ஆமான்னேன். ஏதோ புஸ்தகம் வாங்கிப் படிச்சாராம். ஒருக்கா அந்தக் காலைப் பார்க்கட்டுமான்னாரு."

"அப்புறம்?"

"மாட்டேன்னுட்டேன்."

எத்தனை விறகு, எத்தனை சுற்றறிக்கை, எத்தனை சாயங்காலம். அந்த ஆள் தானாகப் படியிறங்கி வந்திருக்கிறார். இன்னும் ஒரு நிமிஷம் இவள் நின்றிருந்தால், பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தால், நான் கேட்க விரும்பிய வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்கும்.

"ஏன்டி மாட்டேன்னே? பார்க்க விட்டிருக்கலாம்ல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "எதுக்குப்பா? அவர் பார்த்துத்தான் என் கால் நிஜம்னு தெரியணுமா?"

உள்ளேயிருந்து என் மனைவி காபிக்குக் கூப்பிட்டாள். மகள் போய்விட்டாள்.

அவளுக்கு அந்த வழக்கு முடிந்துவிட்டது. எப்போது முடிந்தது என்று எனக்குச் சொல்லவும் இல்லை. எனக்கு முடியவில்லை. சில மாதம் கழித்து, டாக்டருக்கு வயதாகிவிட்டது, மாலை டிஸ்பென்சரியை நிறுத்திவிடலாமா என்று புதிய துரை ஒருவர் என்னிடம் குறிப்புக் கேட்டார். நலத்திட்டம் ஒன்றைத் திரும்பப் பெறுவதற்கான நடைமுறையை விரிவாக எழுதி வைத்தேன். யூனியன் சம்மதம், ஆய்வாளருக்கு முன்னறிவிப்பு, கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல். துரை படித்துவிட்டு, "இவ்வளவு இருக்கா? விடுங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"சரிங்க சார்" என்றேன்.